ஹக்கீம் சாரின் ஆராய்ச்சியும் பத்தொன்பது முட்டைகளும்

ஹக்கீம் சாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, "அவரைப் பத்தி எழுத என்ன இருக்கு? எந்நேரமும் எதையாவது எண்ணிக்கிட்டு இருப்பாக, அம்புட்டுத்தானே" என்றாள். அது அநியாயமான பேச்சு. எண்ணுகிற ஆட்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். எண்ணி முடித்த பிறகும் நம்பாத ஒரே ஆள் ஹக்கீம் சார்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் மற்ற எல்லோரும், என்னையும் சேர்த்து, எண்ணாமலேயே நம்புகிறவர்கள். அதனால் அவரோடு நான் போட்ட சண்டைக்குக் கணக்கே கிடையாது.

எங்கள் பள்ளி ஓடைமேட்டுப்பட்டியில் இருக்கிறது. கூடலூரைத் தாண்டி மலையடிவாரத்தில் திராட்சைப் பந்தலும் வாழையுமாக இருக்கிற ஊர். அங்கே நான் தமிழாசிரியர், பெயர் தங்கபாண்டி. அவர் கணக்கு. உத்தமபாளையத்துக்காரர். காலேஜில் புள்ளியியல் படித்தவர், அதுதான் கோளாறு. வீட்டில் பிரியாணிக்கு உப்புப் பார்க்கச் சொன்னால்கூட, "மேலாப்புல எடுத்தா செல்லாது லத்திபா, அடி வரைக்கும் கிளறிட்டு ஒரு வாய் குடு" என்பாராம். லத்திபா அவர் மனைவி. அந்தம்மாவின் பொறுமையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

முன் பெஞ்சுப் பிள்ளைகள்தான் நன்றாகப் படிக்கும் என்று எங்கள் ஹெட்மாஸ்டர் சீனிச்சாமி ஒருநாள் சொல்லிவிட்டார். ஹக்கீம் சார் உடனே ஒரு பருவம் முழுக்கப் பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைத்து, படிக்கிற பிள்ளை எங்கே உட்கார்ந்தாலும் படிக்கும் என்று நிரூபித்துக் காட்டினார். ஹெட்மாஸ்டர் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. அடுத்தது நான் மாட்டினேன். செய்யுளைச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும் என்பது என் கட்சி. பாதிப் பிள்ளைகளைச் சத்தமாகவும் பாதிப் பிள்ளைகளை மனசுக்குள்ளேயும் படிக்கவைத்துப் பரீட்சை வைத்தார். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மார்க். பக்கத்து வகுப்புக்கு மட்டும் மார்க் குறைந்திருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் வருஷக்கணக்காகச் சோதிக்காமல் விட்டுவைத்தது ஒன்றே ஒன்று, அவருடைய சாயங்கால வகுப்பு. பள்ளி விட்டதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து ஆறு மணி வரை கணக்குச் சொல்லிக்கொடுப்பார். அதன் பிறகு பஸ் பிடித்துக் கம்பத்தில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள் அவர் பிள்ளைகள் தூங்கிவிடும். "அத்தா எப்ப வருவாகன்னு முன்னெல்லாம் கேக்குங்க. இப்பக் கேக்குறதையே விட்டுருச்சுங்க" என்று லத்திபா சொன்னதை என்னிடம் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் சொன்னார்.

அந்தச் சமயத்தில் உத்தமபாளையத்திலேயே ஒரு கணக்கு ஆசிரியர் இடம் காலியாகப்போகிறது என்று தகவல் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தே போய் வரலாம். லத்திபா ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் ஹெட்மாஸ்டர் பதறிப்போனார்.

"உங்க சாயங்கால கிளாஸ் இல்லாட்டி இங்கன ஒரு பிள்ளை தேறாது, பாத்துக்கங்க" என்றார்.

"எப்படிச் சொல்றீக சார்?"

"கிளாசுக்கு வர்ற பிள்ளைக நல்லா மார்க் எடுக்குதுகல்ல?"

"படிக்கணும்னு நெனைக்கிற பிள்ளைதானே சார் கிளாசுக்கு வருது? அது வராட்டியும் படிச்சிருக்குமோ என்னவோ."

அந்தக் கேள்வி அவருக்குள் புகுந்துகொண்டது. வகுப்பால் பலன் உண்டு என்றால் இங்கேயே இருப்பது, இல்லை என்றால் மே மாதக் கவுன்சிலிங்கில் மாறுதல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவது என்று முடிவு செய்தார். லத்திபாவும் சம்மதித்தார். கணக்கால் உலகத்தில் யாருக்கும் பலன் கிடையாது என்பது அந்தம்மாவின் உறுதியான நம்பிக்கை.

காலாண்டு லீவு முடிந்ததும் பெற்றோர் கூட்டம் போட்டார். ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். குலுக்கல் போட்டு இருபது பேருக்குச் சாயங்கால வகுப்பு, இருபது பேருக்குக் கிடையாது. மார்ச்சில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை. இதையெல்லாம் விளக்கியவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் நேர்மையாளர், வாயை மூட முடியவில்லை. ரெண்டு கூட்டமும் ஒரே மார்க் எடுத்தால் தான் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவதாகவும் சொல்லிவிட்டார். பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள் முன்னாலேயே! நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு அதைவிடக் குலுக்கல்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. சந்தனம்மாள் எழுந்தாள். கேரளாவில் ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலம் ஜீப்பில் போய் இருட்டுகிற நேரத்தில் திரும்பி வருகிறவள். அவள் மகள் திரிஷா அந்த வகுப்பில் படித்தாள்.

"சீட்டுக் குலுக்குறதெல்லாம் வேணாம் சார். சீட்டு எழுதுறவுக கை எப்படின்னு எங்களுக்குத் தெரியும். முத்தாலம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாப்போம். ஆத்தா குடுத்தா குடுக்கட்டும்."

எங்கள் பக்கம் கல்யாணமோ கிணறோ, சாமியிடம் உத்தரவு கேட்காமல் நடக்காது. வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துப் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கிடையாது. ஹக்கீம் சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாப் பிள்ளைக்கும் சமமான வாய்ப்பு இருந்தாச் சரி. பூவா இருந்தா என்ன, சீட்டா இருந்தா என்ன" என்றார்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நாற்பது வாழையிலைப் பொட்டலங்களைத் தாம்பாளத்தில் வைத்துப் பூசாரி கொண்டுவந்தார். ஹக்கீம் சார் எட்டிப் பார்த்து, "நல்லாக் குலுக்கிருங்க" என்றார். பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆத்தா உத்தரவைக் குலுக்கச் சொல்றீகளா?" என்றார். கடைசியில் ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நான் இடையில் புகுந்து சமாதானம் செய்ய, அவரே குலுக்கினார். திரிஷாவுக்குச் செவ்வரளி வந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. சாமி சொன்னால் அப்பீல் கிடையாது.

திங்கட்கிழமையிலிருந்து செவ்வரளிப் பிள்ளைகளை நாலரை மணிக்குப் பள்ளி கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் ஹக்கீம் சார் சாக்பீஸை எடுப்பார். ஒரு பிள்ளை வராந்தாவில் நின்றால்கூடச் சோதனை கெட்டுவிடும் என்பார். மாசக்கணக்கில் இப்படியே போனது.

மார்ச் பரீட்சையை அவரே தயாரித்தார். எல்லாம் நாலு விடையில் சரியானதை டிக் அடிக்கிற கேள்விகள், மொத்தம் நாற்பது. "திருத்தும்போது பாசத்துல என் கை நீளக்கூடாது பாருங்க தமிழய்யா" என்று காரணம் சொன்னார்.

மார்க் வந்த அன்று ஹெட்மாஸ்டர் ஆசிரியர் அறைக்கு அல்வாவோடு வந்தார். வெள்ளைப் பூப் பிள்ளைகளுக்குச் சராசரி இருபத்தாறு. செவ்வரளியில் பத்தொன்பது பேருக்கு முட்டை. சுத்தமான முட்டை. கர்ணன் என்கிற பையன் மட்டும் ஒன்பது வாங்கியிருந்தான்.

"பாத்தீகளா? கிளாசுக்கு வந்தா இருபத்தாறு, வராட்டி முட்டை! இதை அப்படியே தேனி ஆபீசுக்கு அனுப்பப்போறேன். மாறுதலாவது ஒண்ணாவது, நீங்க எங்கயும் போக முடியாது" என்றார் ஹெட்மாஸ்டர்.

ஹக்கீம் சார் அல்வாவைத் தொடவில்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"சார், இது நடக்காது."

"நடந்திருக்கேய்யா!"

ஹக்கீம் சார் இரண்டு கேள்வித்தாளை எடுத்து என்னிடம் ஒன்றும் ஹெட்மாஸ்டரிடம் ஒன்றும் நீட்டினார். "கேள்வியைப் படிக்க வேணாம். கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிங்க." அடித்தோம். திருத்தினார். எனக்குப் பதினொன்று வந்தது. பள்ளிப் பருவத்தில் கணக்கில் நான் கண்ட மார்க்கை வைத்துப் பார்த்தால் அது நல்ல முன்னேற்றம். வரலாறு படித்த ஹெட்மாஸ்டருக்கு எட்டு.

"படிச்ச பெரிய மனுசங்க ரெண்டு பேரு, உங்களால ஒரு முட்டை வாங்க முடிஞ்சதா? ஒண்ணுமே தெரியாதவனுக்கு நாலுல ஒண்ணு தானா விழும். நாற்பதுக்குப் பத்து வரும். லட்சம் பேரு கண்ணை மூடிக்கிட்டு எழுதினா ஒருத்தன் முட்டை வாங்குவான். இந்த ஊர்ல ஒரே ரூம்ல பத்தொம்பது பேரு வாங்கியிருக்கு."

"அப்பன்னா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"ஒண்ணுகூடச் சரியா விழாம இருக்கணும்னா, எது சரின்னு தெரிஞ்சிருக்கணும் சார். நாற்பதும் தெரிஞ்சிருக்கணும். வகுப்புலயே நல்லாக் கணக்குத் தெரிஞ்ச பிள்ளைக இந்தப் பத்தொம்பது பேருதான்."

ஹெட்மாஸ்டர் அல்வாவை மூடி வைத்தார்.

திரிஷாவைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவள் கொஞ்சமும் மறைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே அனுப்பப்பட்டவர்கள் காம்பவுண்டுச் சுவரைச் சுற்றிவந்து, வகுப்பு ஜன்னலுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து தினமும் பாடம் கேட்டிருக்கிறார்கள். சாமி கிளாசுக்குள் போகக் கூடாது என்றுதானே சொன்னது, ஜன்னலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றாள்.

"முட்டை எதுக்கு வாங்குனீங்க?"

"ஒரே மார்க் எடுத்தா நீங்க போயிருவீங்கள்ல சார். ஒண்ணும் எழுதாம விட்டா நீங்க கண்டுபிடிச்சிருவீங்க. அதான் எழுதி, தப்பா எழுதணும்னு முடிவு பண்ணினோம். தப்பாத்தான் எழுதுறோம்னு உறுதியாத் தெரியணும்ல, அதுக்கு எல்லாரையும் நல்லாப் படிக்க வச்சேன்."

பாஸாவதற்காகப் புத்தகத்தைத் தொடாத பயல்கள் முட்டை வாங்குவதற்காக ஓடையோரத்தில் உட்கார்ந்து ராவும் பகலும் படித்திருக்கிறார்கள். கர்ணன் மட்டும் எவ்வளவு முயன்றும் ஒன்பதைச் சரியாக எழுதித் தொலைத்துவிட்டான். உண்மையிலேயே கணக்குத் தெரியாதவன் அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான்.

ஹக்கீம் சாருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுபடி பெற்றோர் கூட்டம் போட்டு, ஊரே சேர்ந்து பொய் சொல்லிவிட்டதாகக் கத்தினார். சந்தனம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"பிள்ளைக தப்பா எழுதுறது பொய்யா சார்? அதுக தப்பா எழுதும்னுதேன் வாத்தியாரே வச்சிருக்காக. மார்க்குக்காகவா நாங்க உங்ககிட்ட விடுறோம்? ஜீப்பு மலையிறங்குற வரைக்கும் எம்பிள்ளை உங்க கண்ணு முன்னால இருக்குன்னு நெனச்சாத்தேன் எனக்கு அங்கன ஏலக்காச் செடியில கை ஓடுது. அதை நீங்க எங்ககிட்டக் கேட்டீகளா? கேட்டிருந்தாப் பூவும் வேணாம், பரீட்சையும் வேணாம்."

ஹக்கீம் சார் உட்கார்ந்துவிட்டார். வீடு திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில், "எத்தனையோ அளந்தேன் தமிழய்யா, அளக்க வேண்டியதை அளக்கலை" என்றார்.

"அப்ப இருக்கீகளா, போறீகளா?"

"சோதனை கெட்டுப்போச்சு. முடிவு சொல்ல முடியாது. அடுத்த வருசம் திரும்பப் பண்ணணும்."

இதை அவர் லத்திபாவிடம் போனில் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிதானமாகத்தான் கேட்டார்: "அப்ப நம்ம பிள்ளைகளும் முட்டை வாங்கினாத்தான் அத்தா வீட்டுக்கு வருவாகளா?" மறுநாள் ஹக்கீம் சார் இதையும் பிள்ளைகள் முன்னால் அப்படியே சொல்லிவிட்டார்.

வழி சொன்னது திரிஷாதான். வாரத்தில் மூன்று நாள் சார் எடுக்கட்டும், இரண்டு நாள் அவளே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். பத்தொன்பது பேரை முட்டை வாங்கவைத்தவளின் திறமையை யாராலும் மறுக்க முடியவில்லை. அந்த இரண்டு நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் உட்காருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். இப்போது செவ்வாயும் வியாழனும் ஹக்கீம் சார் நாலரை பஸ்ஸுக்கு ஓடுகிறார். அவர் மாறுதல் கேட்கவில்லை. யார் எடுக்கிற நாளில் பிள்ளைகளுக்கு அதிகம் புரிகிறது என்று இப்போது ஆராய்ச்சி நடக்கிறது. அதில் திரிஷா முன்னால் நிற்கிறாள் என்று கேள்வி.

எனக்குப் பொறாமைதான், ஏன் மறைக்க வேண்டும்? இத்தனை வருஷம் வாத்தியாராக இருந்துவிட்டேன். எனக்காக ஒரு பிள்ளை அரை மார்க்கை விட்டுக்கொடுத்ததில்லை.

போன வியாழக்கிழமை நான் காவலுக்கு உட்கார்ந்திருந்தபோது, கர்ணன் ஒரு பழைய கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அதே நாற்பது கேள்வி. திரிஷா திருத்தி, கீழே பெரிதாக ஒரு வட்டம் போட்டிருந்தாள்.

"ஐயா, ஹக்கீம் சாருக்குப் போன் போட்டுக் குடுங்க" என்று மூச்சிரைத்தான். "நான் முட்டை வாங்கிட்டேன்!"