அண்ணனுக்குச் சொல்லியாயிற்று

"நீங்க போயிட்டீங்கன்னா வூட்டுல என்னங்க பண்ணுவாங்க?" என்று கேட்டுவிட்டு, பிஸ்கெட் தட்டை எதிரில் இருப்பவர் பக்கம் நகர்த்துகிறார் பஞ்சவர்ணம். தட்டும் பிஸ்கெட்டும் அந்த வீட்டுக்காரருடையவைதான்.

வயது ஐம்பத்தொன்று. மைசூரு விஜயநகரில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அடுத்தவர் சாவை இவ்வளவு கூச்சமில்லாமல், மலர்ந்த முகத்தோடு பேச இன்னொருவரால் முடியாது. போன வருடம் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாளே, பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவரிடம் பாலிசி விளக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாய்தான் பதினெட்டு நாளாக அடைத்துக் கிடக்கிறது.

புற்றுநோய் பரம்பரையாக வந்தது என்று மரபணுச் சோதனை சொல்லிவிட்டது. கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கோளாறு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "தங்கையைச் சீக்கிரம் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார் டாக்டரம்மா. தங்கை மோகனப்ரியா குண்டலுபேட்டையில் இருக்கிறாள். நாற்பத்து மூன்று வயது.

ஆனால் நல்லதோ கெட்டதோ, முதல் சேதி பெரியவருக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் வீட்டு முறை. பத்திரிகை வைப்பதுபோல, முறை தவறாமல், ஹனூரில் இருக்கும் அண்ணன் மாதப்பனுக்குச் சொன்னார்.

"சும்னே இரு புள்ள! தங்கச்சி மகளுக்கு மாப்ள பாக்கறாங்க. நம்ம ரத்தமே கெட்டதுன்னு ஊரு பேசோணுமா?"

"உங்களுக்கும் இருக்கலாமுங்கண்ணா. டெஸ்ட் பண்ணிக்கோங்க."

"ஆம்பளைக்கு ஏது இந்தக் கருமம்?"

ஆண்களுக்கும் உண்டு, பிள்ளைகளுக்கும் போகும் என்று அறிக்கையைப் படித்துக் காட்டினார். பாதியிலேயே அண்ணன் ஃபோனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து தங்கை அழைத்தால் பஞ்சவர்ணம் குளிக்கிறார், வண்டி ஓட்டுகிறார், கிளையண்ட் வீட்டில் இருக்கிறார்.

நேற்று, அவரிடம் பாலிசி எடுத்திருக்கும் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவரால் தப்ப முடியவில்லை. ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அக்கா, அண்ணன் கூப்ட்டுச்சு. 'பஞ்சவர்ணம் எதாச்சும் சொன்னா காதுல போட்டுக்காத'ன்னுச்சு. அப்டி என்னதான் சொல்லப்போற?"

ரகசியம் காப்பதில் மாதப்பனை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஒண்ணுமில்ல கண்ணு. சாப்ட்டியா?"

"மணி நாலு, அக்கா."

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நின்னுட்டிருக்கியா?"

"ஆமா."

"உக்காரு."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"உக்காந்துட்டேன். சொல்லு."

பஞ்சவர்ணம் அறிக்கையை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் மடிப்பை நீவினார். மடிப்பு போய்விட்டது. இன்னும் நீவிக்கொண்டிருந்தார்.