ஓடைக்கரை வாசகர் வட்டத்தில் ஒரு பம்ப்காரர்

கழிவுநீர் பம்ப் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் தள்ளிய மனிதருக்குக் குமட்டல் என்பதே மறந்து போயிருக்க வேண்டும். இவருக்கு மறக்கவில்லை. மலம் அவரை ஒன்றும் செய்வதில்லை. எல்லார் வயிற்றிலும் இருப்பதுதானே என்பார். அவருக்குக் குமட்டுவது ஈரத்தாள். முகம் துடைக்க, மேஜை துடைக்க, குழந்தையைத் துடைக்க என்று வாசனை போட்டு விற்கிறார்களே, அதுதான். கழிப்பறையில் போட்டால் கரைந்துவிடும் என்று உறையில் அச்சடித்திருப்பது பச்சைப் பொய். அது கரையாது. ஊர்க் குழாயெல்லாம் சுற்றி, கொழுப்பையும் முடியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, கயிறாகத் திரிந்து அவருடைய பம்பின் வயிற்றில் வந்து சிக்கிக்கொள்ளும். இத்தனைக்குப் பிறகும் எலுமிச்சை வாசனை மட்டும் போகாது. அந்த வாசனைதான் அவருக்கு ஆகவே ஆகாது.

பம்ப் நின்றால் தொட்டி நிரம்பும். தொட்டி நிரம்பினால் தெருவிலுள்ள வீடுகளுக்குள் எதிர்த்துக்கொண்டு ஏறும். அதனால் நிலையத்தின் பின்சுவரில் ஒரு மதகு வைத்திருக்கிறார்கள். சக்கரத்தைத் திருப்பினால் அத்தனையும் பின்னால் ஓடும் ஓடையில் போய் விழும். முதலில் மதகைத் திற, பிறகு ஆள் கூப்பிடு என்பதுதான் விதி. அவர் விதிப்படி திறந்த ஒவ்வொரு முறையும், மறுநாள் காலையில் குஞ்சு மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. இந்தக் கையால் இதையும் செய்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

அவர் ராத்திரி வேலையில் புத்தகம் படிப்பவர். நூலகத்தில் தொங்கிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்து மனைவிதான் தூண்டிவிட்டாள். நகரத்து மக்களை இயற்கையோடு சேர்த்துவைக்கும் வாசகர் வட்டம், ஞாயிறு காலை, ஓடைக்கரையில்.

"பம்பு கூடவே உக்காந்து படிச்சது போதும். நாலு மனுஷங்களோட உக்காந்து படிங்க."

முதல் நாள் எல்லோரும் என்ன வேலை என்று சொல்லிக்கொண்டார்கள். வட்டத்தின் தலைவி ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பக்கத்து நாற்காலியில் ஒரு பல் டாக்டர். இவர் முறை வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. "தண்ணி சம்பந்தமான வேலைங்க" என்றார். "ஓ, டேமா?" என்று தலைவி முகம் மலர்ந்தாள். இவர் தலையை ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத மாதிரி ஆட்டிவைத்தார். அந்த ஆட்டலில் ஆறு மாதம் ஓடிவிட்டது.

ஓடைப் பூச்சிகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை வாரம் ஒரு அத்தியாயமாகப் படித்தார்கள். ஒருநாள் இவர் குனிந்து ஒரு கல்லைப் புரட்டி, புத்தகத்தில் இருந்த அதே பூச்சியைக் காட்டினார். இது இருந்தால் தண்ணீர் இன்னும் சாகவில்லை என்று அர்த்தம் என்றார். தலைவி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வெளியே அவர் சொன்னதை ஒருவர் எழுதிவைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்த நாற்காலி கைவிட்டுப் போகக் கூடாதே என்ற பயம் அன்றே தொற்றிக்கொண்டது.

வட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, ஓடைத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டுதான் படிப்பார்கள். முடிந்ததும் தலைவி ஈரத்தாள் கட்டை எடுத்துச் சுற்றி அனுப்புவாள். எல்லோரும் காலைத் துடைப்பார்கள். துடைத்த தாள்களை ஒன்றுவிடாமல் ஒரு பையில் வாங்கிக்கொள்வாள். எலுமிச்சை வாசனை எழும்போது இவர் மூச்சை அடக்கிக்கொண்டு மரத்தைப் பார்ப்பார். பையில்தானே போடுகிறார்கள் என்று மனதைச் சமாதானம் செய்துகொள்வார்.

இவர் படிக்க வேண்டிய ஞாயிறும் வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் பம்ப் நின்றது. எட்டு மணிக்கு, அதே ஓடையில் சற்றுக் கீழே, வாசகர் வட்டத்தின் கால்கள் தண்ணீரில் இருக்கும். மதகுப் பக்கமே அவர் போகவில்லை. மின்சாரத்தை நிறுத்தி, பம்பின் மூடியைக் கழற்றி, தோள்வரை கையை விட்டார். இரண்டு பேர் இல்லாமல் மூடியைத் தொடக் கூடாது என்பதும் விதிதான். ஒன்றரை மணி நேரம் பிடுங்கினார். வந்ததெல்லாம் தாள், தாள், தாள். நாலு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு ஓடினார்.

உட்கார்ந்ததுமே பல் டாக்டரின் நாற்காலி நகர்ந்தது.

"சார், வர்ற வழில எதையாவது மிதிச்சிட்டீங்களா?" என்றாள் தலைவி.

"இல்லம்மா. பம்ப்ல கை விட்டேன். டேம் இல்ல, கக்கூஸ் தண்ணி பம்ப். அங்கதான் எனக்கு வேலை. அடைப்பை எடுக்கலன்னா எல்லாம் இந்த ஓடைலதான் வந்திருக்கும்."

"இன்னிக்கு நானே படிச்சிடறேன். நீங்க களைப்பா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு, தலைவி விரல் நுனியில் பிடித்து ஒரு ஈரத்தாளை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. "இதெல்லாம் கடைசில எங்கம்மா போகுது?"

"இங்க ஒண்ணுகூடப் போட மாட்டோம், சார். ஓடை அசுத்தமாயிடும். நானே வீட்டுக்குக் கொண்டுபோய் டாய்லெட்ல போட்டுடறேன்."

"அது கரையாதும்மா. காலைலேர்ந்து நான் பிடுங்கினதே அதைத்தான்."

"கரையும்னு உறையிலயே போட்டிருக்கே" என்றார் பல் டாக்டர், மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமல். தலைவி அத்தியாயத்தை ஆரம்பித்தாள். தூய நீரில் வாழும் உயிர்களைப் பற்றிய அத்தியாயம். எல்லோரும் உருகி உருகிக் கேட்டார்கள். சாயங்காலம் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்தது: வேலையிலிருந்து நேராக வருபவர்கள் குளித்துவிட்டு வரவும். பெயர் போடவில்லை, அவ்வளவு நாகரிகம்.

மறுநாள் இன்ஜினியர் கூப்பிட்டு மெமோ கொடுத்தார். "தனியா மூடியைத் திறந்திருக்கீங்க. கை போயிருந்தா யார் பதில் சொல்றது? இன்னொரு தடவை நடந்தா வேலை போயிடும்."

"அப்ப ஓடை, சார்?"

"ஓடையைப் பத்தி யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க."

அதற்கு மூன்றாவது ஞாயிறு. அன்று அவருக்குப் பகல் வேலை. காலை எட்டரைக்குப் பம்ப் நின்றது. உதவிக்கு ஆள் மத்தியானம்தான் வருவான் என்றார்கள். தொட்டியில் சிவப்புக் கோடுவரை ஏறிவிட்டது. அவர் சக்கரத்தின்மேல் ஒரு கையை வைத்தார். கல்லடிப் பூச்சிகளுக்கு இன்றோடு சரி என்று நினைத்தார். ஒரு பாவமும் செய்யாதவை அவை மட்டும்தான். மற்றொரு கையால் தலைவிக்குப் போன் செய்தார்.

"சொல்லுங்க சார். படிச்சிட்டிருக்கோம்."

"எல்லாரையும் தண்ணிலேர்ந்து காலை எடுக்கச் சொல்லுங்கம்மா."

"ஏன் சார், பாம்பா?"

"இல்லம்மா. நீங்க வீட்ல போட்டதெல்லாம் வருது."