ஜோசியம் பார்த்த மிஸ்ஸி

அண்ணி தவறிவிட்டார் என்று புக்கிட் ரம்பாயிலிருந்து ஆள் வந்து சொன்னபோது நான் அடுப்படியில் இருந்தேன். என் கணவருக்கு உடன்பிறந்தவர் அந்த ஓர் அக்காதான். நம் ஊர் காஜா பேராங்கில் ராஜம் மிஸ்ஸி என்றால் உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் பெற்ற புதிதில் அவர் பிரசவ நிலையத்தில் மிஸ்ஸியாக, தாதியாக இருந்தார். பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்தால் நாம் தோஷம் என்று கோயிலுக்கு ஓடிய காலம். "தோஷம் வானத்துல இல்ல, ஆம்பளைங்க ரத்தத்துல இருக்கு" என்பார். மேகநோயைத்தான் சொன்னார்; அது பிறக்கிற பிள்ளையின் கண்ணையும் உயிரையும் பறித்துவிடும் என்பார். தமிழ் மறந்துபோன செட்டிப் பெண்களிடம் மலாயிலும் நம்மவரிடம் தமிழிலும் ஒரே பேச்சு: ஜாதகத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் இரத்தத்தைப் பாருங்கள். அவரைக் கண்டாலே ஆண்கள் சைக்கிளை வேறு பக்கம் திருப்புவார்கள்.

அப்படிப்பட்டவர், என் கல்யாணத்துக்கு அழைப்பெல்லாம் கொடுத்து முடித்த பிறகு எங்கள் அப்பா வீட்டுக்கு வந்து, தம்பிக்கு வேளை சரியில்லை என்று ஜோசியர் சொல்கிறார், கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிவைப்போம் என்றார். பெண்ணிடம் ஏதோ குறை என்று ஊர் பேசியது. ஊருக்குத்தான் உபதேசம் என்று அவரையும் விடவில்லை. 'ஜோசிய மிஸ்ஸி' என்ற பெயர் அன்று ஒட்டியதுதான். தையில் கல்யாணம் நடந்தும் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் மூத்த மகள் நடக்கப் பழகிய நாட்களில் ஒருநாள் நான் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை. சிங்கப்பூருக்கு லாரி ஓட்டியபோது தனக்கு அந்த நோய் வந்ததையும், அக்கா பிடித்து உட்காரவைத்து இரத்தம் எடுத்ததையும், ஊசி போட்டு முழுக்கக் குணமாகும்வரை கல்யாணத்தைத் தள்ளியதையும் சொன்னார். அவள் உன்னை வெறுப்பாளே என்று இவர் கேட்டதற்கு அண்ணி சொன்னாராம்: "திட்டுனா திட்டிட்டுப் போகட்டும்டா. அவ கோவம் ஆறிடும். பிள்ளைக்குக் கண்ணு போனா வருமா?"

என்னிடம் அன்றே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் போட்டு அழுதேன். "கல்யாணம் நல்ல முகூர்த்தத்துலதானே நடந்துச்சு?" என்று கேட்டுச் சிரித்தார்.

இப்போது அந்த மூத்தவளுக்கே வரன் வந்திருக்கிறது. அண்ணியின் காரியம் முடிந்த மறுவாரம் செங் என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு இரத்தச் சோதனை செய்ய வேண்டும் என்றேன். எங்கள் பையனை என்னவென்று நினைத்தீர்கள் என்று சம்பந்தி எழுந்துவிட்டார். என் கணவர், "உட்காருங்க. எனக்கு நோய் இருந்துச்சு. எங்க அக்காதான் பார்த்துக் குணமாக்குனாங்க" என்றார். கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். என் மகளும் இருந்தாள். சம்பந்தி மெதுவாக உட்கார்ந்தார்.

அண்ணி, அதைக் கேட்க நீங்கள் இல்லை. என் மூன்று பிள்ளைகளும் கண்ணும் உயிருமாய் இருக்கிறார்கள். நீங்கள் எனக்கு விட்டுப்போனது அவர்களைத்தான்.