பெயரில்லாமல் வந்த கேள்விகள்

பரவையைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் ஸ்யாமளா புள்ளியியல் நடத்துகிறாள். சேர்ந்த புதிதில் அவளைத் திணறடித்தது வகுப்பின் மௌனம்தான். பாதிப் பிள்ளைகள் வாடிப்பட்டி பக்கத்து ஊர்களில் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள். "புரியுதா?" என்றால் எல்லாத் தலையும் ஆடும். விடைத்தாள் திருத்தும்போதுதான் எதுவும் புரியவில்லை என்பது தெரியவரும்.

விடுமுறை முழுக்க உட்கார்ந்து, வகுப்புக்கென்று சின்னதாக ஓர் இணையப் பக்கம் செய்தாள். பிள்ளைகள் தங்கள் செல்போனில் சந்தேகத்தைத் தமிழிலேயே தட்டினால் சுவரில் இருக்கும் திரையில் விழும், பெயர் வராது. அவள் கேட்கும் கேள்விக்கும் அதிலேயே விடை அழுத்தலாம். எத்தனை பேர் எந்த விடை என்று திரையில் பட்டைகள் வளரும்.

"யார் கேட்டதுன்னு எனக்கே தெரியாது. பயப்படாம கேளுங்க," என்று முதல் நாளே வாக்குக் கொடுத்தாள்.

தொடக்கத்தில் சினிமா வசனமும் சிரிப்புப் பொம்மையும்தான் வந்தன. அவள் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒருநாள், 'ரெண்டு ஊருக்கும் சராசரி வருமானம் ஒண்ணுன்னா ரெண்டு ஊரும் ஒரே மாதிரியா மேடம்?' என்று ஒன்று வந்தது. அன்று பாடம் அதிலேயே ஓடிவிட்டது. ஓர் ஊரில் ரைஸ்மில்காரர் மட்டும் லட்சங்களில் சம்பாதித்தால் சராசரி என்ன ஆகும் என்று வாய் திறக்காத பிள்ளைகளெல்லாம் மல்லுக்கட்டினார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் தனியே சிரித்துக்கொண்டாள் ஸ்யாமளா.

துறைத் தலைவர் ஹாலாஸ்யம் வகுப்பைப் பார்க்க வந்தார். கடைசி பெஞ்சில் இருந்தவர், உற்சாகம் தாங்காமல் முன்னே வந்து, தாமே ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்துவிட்டார். திரையில் ஒரு வரி விழுந்தது: 'சார் சொல்றது ஒண்ணும் புரியல. மேடமே சொல்லட்டும்.' வகுப்பு சிரித்தது.

வகுப்பு முடிந்ததும் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இது என்னம்மா, மொட்டைக் கடுதாசி மாதிரி? பேரைப் போடச் சொல்லு. தைரியம் இருக்கறவன் கேக்கட்டும்."

அது கேலி இல்லை சார், நிஜமாகவே புரியாமல் போட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வருஷம்தான் அவள் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அவர் கையெழுத்துப் போட வேண்டும். "சரி சார்," என்று வந்துவிட்டாள்.

மறுநாள் முதல் திரையில் கேள்விக்கும் விடைக்கும் பக்கத்தில் பெயர்கள் வந்தன. கேள்விகள் நின்றன. விடைகள் மட்டும் தவறாமல் வந்தன. நன்றாகப் படிக்கும் முதல் பெஞ்ச் சத்யப்ரியா எதை அழுத்துகிறாளோ அதையே எல்லோரும் அழுத்தினார்கள். ஒற்றைப் பட்டை நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும். கல்லூரியைப் பார்வையிட வந்த குழு அதைக் கண்டு மெச்சியது. வேலையும் நிரந்தரமானது.

அதற்கப்புறம் அவளே பெயர்களை எடுத்துவிட்டாள். பழையபடி கேட்கலாம் என்று வகுப்பில் சொன்னாள். யாரும் போனைத் தொடவில்லை. மறுபடியும் வற்புறுத்தியபோது, நடுவரிசையிலிருந்து பாண்டியம்மாள் எழுந்தாள். வகுப்பில் அவள் குரலை ஸ்யாமளா கேட்டது அன்றுதான்.

"முன்னாடியும் இப்படித்தான மேடம் சொன்னீங்க?"

அதில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஸ்யாமளா கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கைத் தொடர்ந்தாள். அந்த நிமிஷம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

பருவத் தேர்வு முடிவு வந்த வாரம், பரவை பஸ் ஸ்டாப்பில் பாண்டியம்மாளைப் பார்த்தாள். மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தாள், புள்ளியியலில் மட்டும் அரியர்.

"எனக்கு அந்தப் பாடந்தான் மேடம் ரொம்பப் பிடிச்சுச்சு. ஆரம்பத்துல எம்புட்டுக் கேட்டேன் தெரியுமா? அப்புறம் கேக்க முடியல."

"இப்பக் கேளும்மா. எதுவானாலும் கேளு."

பாண்டியம்மாள் யோசித்துப் பார்த்துவிட்டுச் சங்கடமாகச் சிரித்தாள்.

"என்ன கேக்குறதுன்னே இப்பத் தெரியல மேடம்."

வாடிப்பட்டி பஸ் வந்தது. "வாரேன் மேடம்," என்று ஏறிக்கொண்டாள்.