மடியில் ஒரு துண்டு கருப்பட்டி

யுத்தத்தால் கடையில் சீனியே கிடைக்காத நாளில் சீனி வியாதி வாங்கிக்கொண்ட கெட்டிக்காரன் நான்.

"ஊசி போட்டா ரத்தத்துல சீனி இறங்கும், சாப்பிட்டுட்டுத்தான் நடக்கணும். மடியில கருப்பட்டி இருக்கட்டும். கை நடுங்கி வேர்த்தா உடனே வாயில போட்டுருங்க" என்றார் அருப்புக்கோட்டை டாக்டர்.

என் மனைவியின் அண்ணன் எனக்குக் காவல். ஊசி போட்ட காலையில் பாதிக் கஞ்சியிலேயே என்னைக் கிளப்பிப் பாலவனத்தம் சாலையில் நடத்தினார். வழியில் என் மடியைத் தடவியவர், கொலைக்கத்தியைக் கண்டெடுத்த போலீஸ்காரர் போல முழங்கினார்.

"சீனி வியாதிக்காரவுக மடியில கருப்பட்டியா மாப்ள? என் தங்கச்சி கதி என்னாகுறது?"

சாட்சிப்பொருளை அங்கேயே தின்றும் தீர்த்தார்.

இரண்டு மைல் தாண்டியதும் என் கை நடுங்கியது. சட்டை வேர்வையில் நனைந்தது. கரிசல் காட்டோரம் சரிந்தேன். மைத்துனர் துண்டால் விசிறினார். மருந்து அவர் வயிற்றில் பத்திரமாக இருந்தது. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள வைத்திருந்த கருப்பட்டியை என் வாயில் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தேன்.

"பாத்தீகளா மாப்ள, நடை உங்களுக்கு ஆகாது" என்றார் மைத்துனர்.

மறுநாள் முதல் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன். அவருடையதை வாசலிலேயே அவர் வாயில் போட்டுவிட்டுத்தான் நடக்கத் தொடங்கினேன்.