மூன்றாவது குரல்

அற்புதம்மாள் ஆயாக் கொட்டகைக்காரி. மலாயாவில் ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் எல்லாம் அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வரிசையில் முழங்காலிடுவாள். திங்கட்கிழமை பேய்க்கதை சொல்வாள். இரண்டும் அவளுக்கு ஒத்துப்போயின.

ஜப்பான்காரன் காலத்தில் பாதி மலையில் மரவள்ளி நட்டார்கள். ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள். பிடித்த விதம்தான் கொடுமை. லோரியை மறைவில் நிறுத்திவிட்டு, கங்காணியைத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலுக்கு அனுப்பிப் பேர் சொல்லிக் கூப்பிட வைத்தார்கள். தோட்டத்து வேலையாள் ஆர்தர், பாவம், "வரேங்க" என்று சாப்பிட்ட கையோடு ஓடி வந்தான். அப்படியே ஏற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அற்புதம்மாள் அந்தக் கதையைக் கட்டினாள். மூடுபனிக்குள் ஒருத்தி இருக்கிறாள். தெரிந்தவர் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். ஆனால் இரண்டு முறைதான் அவளால் முடியும். மூன்றாவது முறையும் கூப்பிட்டால்தான் மனுஷன். அதுவரை வாய் திறக்காத பிள்ளைதான் நல்ல பிள்ளை.

பிள்ளைகள் அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டன. பெற்றவள் சோற்றுக்குக் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் அசைந்தன. ஆர்தரின் மகள் கத்தரீன் எல்லோரிலும் கெட்டி. அப்பாவும் பதில் சொல்லாத பிள்ளையாக இருந்திருந்தால் போயிருக்க மாட்டார் என்பது அவள் கணக்கு. அப்போது அவளுக்கு ஆறு வயது.

ஆர்தர் சயாமில் செத்துவிட்டான் என்று செய்தி வந்தது. அவன் மனைவி பார்பரா தாலியைக் கழற்றினாள்.

ஒரு மத்தியானம் மூடுபனி கொட்டகையை அடைத்துக்கொண்டு நின்றது. வெளியே ஒரு காய்ந்த குரல், "கத்தரீன்" என்றது. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. இருமல் கேட்டது. மறுபடியும், "கத்தரீன்." அவள் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தாள். அற்புதம்மாளுக்கு அது ஆர்தர் குரல் என்று தெரிந்தது. செத்தவன் குரல். கதை தான் கட்டியது என்பதும் தெரியும். தெரிந்தும் தாழ்ப்பாளுக்குக் கை போகவில்லை. மூன்றாவது குரல் வரவில்லை.

பனி விலகிய பிறகு, கிழங்கு தோண்டிவிட்டு வந்த பார்பராதான் பார்த்தாள். சயாமிலிருந்து தப்பி வந்த புருஷன் கதவில் சாய்ந்தபடி செத்திருந்தான். எலும்பைத் தவிர உடம்பில் ஒன்றுமில்லை. சரிவில் புதைத்துச் சிலுவை நட்டார்கள். கத்தரீன் அழவில்லை. இரண்டு முறைதானே கூப்பிட்டது, அது அப்பா இல்லை என்றாள்.

அடுத்த வாரம் மறுபடியும் பனி இறங்கியது. கதவுக்கு வெளியே அதே காய்ந்த குரல், "கத்தரீன்" என்றது. ஒரே ஒரு முறை. கத்தரீன் எழுந்தாள்.

"மூணாச்சு ஆயா. அப்பாதான் வந்திருக்காரு. கதவத் தொறங்க."

கதை பொய் என்று சொல்ல அற்புதம்மாளுக்கு வாய் வரவில்லை. பொய் என்றால் அன்றைக்கே திறந்திருக்க வேண்டுமே. தாழ்ப்பாளை நீக்கினாள். வெளியே வெறும் பனிதான் நின்றது. "வரேம்ப்பா" என்று கத்தரீன் அதற்குள் ஓடினாள்.

தோட்டமே தேடியது. கிடைக்கவில்லை. அற்புதம்மாள் அப்புறம் யாருக்கும் கதை சொன்னதில்லை. சாகும்வரை, பனி இறங்கினால் வாசலில் வந்து நின்று கத்தரீனைக் கூப்பிடுவாள், மூன்று முறை.