பால்மேல் போட்ட பழி

என் ஒரு வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு நின்ற பிறகும், மாட்டுப்பால் கொடுத்தாலே வயிறு உப்பி மறுபடி தண்ணீராகப் போனது. மழையில் ஏற்காட்டுச் சாலை சரிந்ததால் மூன்று நாளாக எங்கள் மலைக்கிராமமான கொட்டச்சேட்டுக்கு பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. அடைபட்டுக் கிடந்த ஆத்திரத்தில், எங்களுக்குப் பால் ஊற்றும் பக்கத்து வீட்டு அக்காவிடம், "கெட்டுப்போன பாலையா ஊத்துறீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் மழையில் நனைந்துகொண்டே நடந்துபோய், கிராம நர்ஸை அழைத்து வந்தார்.

"பால்ல குத்தமில்லீங்க," என்றார் நர்ஸ். "சீக்குல கொடலு புண்ணாயிருக்கு. அது ஆறுற வரைக்கும் மாட்டுப்பால் செரிக்காதுங்க. தாய்ப்பாலும் கஞ்சியும் குடுங்க, ஓஆர்எஸ் தண்ணியை நிறுத்தாதீங்க."

இரண்டு வாரம் கழித்து, பால் வாங்கச் சொம்போடு அக்காவின் வாசலில் நின்றேன்.

"கண்ணுக்கு இப்பச் செரிக்குதுங்களா?" என்றுதான் கேட்டார்.

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சொம்பை மட்டும் நீட்டினேன்.